காந்தத்துக்கு விடுமுறை இல்லை

மனிதன் எவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கட்டினாலும் சரி, வருஷத்துக்கு ஒரு நாள் அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, "இன்றைக்குச் சும்மா இரு" என்று சொல்லாவிட்டால் நம் ஊரில் யாருக்கும் மனசு ஆறாது. மிதவை ரயிலும் இதற்கு விலக்கல்ல. சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே, தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி, மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற வண்டி அது. அதைப் பராமரிக்கிற பெரம்பலூர் பணிமனையில் ஆயுத பூஜை அன்று கிரேன் நின்றது, காற்றடிக்கும் இயந்திரம் நின்றது, கேன்டீன் கிரைண்டர்கூட நின்றது. எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு.

காந்தம் மட்டும் நிற்கவில்லை. வண்டியின் அடியில், அலுமினிய உறைக்குள், கடுங்குளிரான ஹீலியத் திரவத்தில் முங்கிக் கிடக்கிற கம்பிச் சுருளில் மின்சாரம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நாளும் கிழமையும் தெரியாது.

இதை அந்தப் பணிமனையில் மற்ற யாரையும்விட நன்றாக அறிந்தவள் மங்கையர்க்கரசி. காந்தப் பிரிவின் பொறுப்பாளர். வயது ஐம்பத்தொன்று. எல்லாரும் அரசி மேடம் என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் எண் காந்தத்துக்குள் முதன்முதலாக மின்சாரத்தை ஏற்றிவிட்டு, வெளி வயரைக் கழற்றியவள் அவள்தான். அன்றிலிருந்து அந்த மின்சாரம் ஒரு நொடிகூட ஓய்ந்ததில்லை. வழித்தடத்தில் இருக்கிற அத்தனை காந்தங்களிலும் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல அவள் அதைப் பற்றிப் பேசுவாள், கேட்பவர்கள் பின்னால் போய்ச் சிரித்துக்கொள்வார்கள்.

காந்தக் கூடத்தின் வாசலில் இரும்பைக் கண்டுபிடிக்கிற கதவு ஒன்று இருந்தது. தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் மோப்பக் கதவு. ஒரு ஹேர்பின்னைக்கூட விடாமல் அலறும். பூஜை அன்று குடமும் தட்டும் தாம்பாளமுமாக ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தால் அது கத்தியே உயிரை எடுத்துவிடும் என்று பணிமனை மேலாளர் ஞானசிகாமணி சொன்னார். "ஒரு நாளைக்குத்தானே மேடம், அதுக்கும் ஒரு பொட்ட வெச்சுத் தூங்கப் போடுங்க." அரசி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, அந்த நாள் முழுக்க, இரும்பு எதுவும் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டருகே தானே காவல் நின்றாள். உள்ளே வந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் சின்னக் காந்தத் துண்டால் தொட்டுப் பார்த்து, ஒட்டாததைத்தான் விட்டாள். குத்துவிளக்கு பித்தளை, போகலாம். அரிவாள்மனை இரும்பு, வெளியே. அவளுடைய ஜாக்கிரதையில் அன்று ஒரு குறையும் சொல்ல முடியாது.

தீபாராதனைக்கு முன் ஞானசிகாமணி பேசினார். பேச்சென்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. "வருஷம் பூரா ஓடி உழைச்ச நம்ம மிதவைக்கு இன்னிக்கு ஓய்வு. இங்க எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. நாளைக்கு விஜயதசமி, பத்தரைக்கு நல்ல நேரம். அப்பத்தான் எல்லாம் மறுபடி உசுரு பெறும். அதுவரைக்கும் பூஜையில வெச்ச எதையும் யாரும் தொடக் கூடாது." எல்லாரும் கைதட்டினார்கள். காந்தத்தை நிறுத்தவில்லை என்று சொல்ல அரசி வாயெடுத்தாள். ஐயர் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் வேலைக்கு வந்தாள். கூடத்தை ஒட்டிய கண்ணாடி அறையில் ஒரே ஒரு திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஹீலியத்தின் மட்டத்தைக் காட்டுகிற திரை. அதை அணைக்கிற துணிச்சல் ஞானசிகாமணிக்குக்கூட வரவில்லை. மற்றபடி கேமரா, குரல் பதிவு, மோப்பக் கதவு எல்லாம் பொட்டோடு உறங்கின. பத்தரைக்கு எழுப்ப வேண்டும். பூஜைதான் முடிந்துவிட்டதே என்று, அரசி காவலுக்குப் போகாமல் காபியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்பது இருபதுக்கு ஒரு சத்தம் கேட்டது. இரும்பு கதவில் மோதினாற்போல ஒரே ஒரு அடி. அதன்பின் ஒன்றுமில்லை.

அவள் ஓடினாள். ஏழாம் எண் காந்தத்தின் உறையோடு கேன்டீன் தள்ளுவண்டி ஒன்று பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற இரும்பு வண்டி. அதற்கும் உறைக்கும் நடுவில், இடுப்பு இறுகிப்போய், கொளஞ்சி நின்றுகொண்டிருந்தான். ஒப்பந்தத் தொழிலாளி. நாற்பது வயதிருக்கும். முந்தின நாள் மிதவை ரயிலின் இரண்டு முனைகளிலும் வாழை மரம் கட்டியவன் அவன்தான்.

"அசையாத கொளஞ்சி!"

"எங்க மேடம் அசையிறது?" என்றான். சிரிக்கக்கூட முயன்றான். ரத்தம் எங்கும் இல்லை. "வாழ மரத்த அவுத்து ஏத்திரலாம்னு வந்தேன். வண்டி என் கைய உதறிட்டுத் தானாப் போவுது மேடம். புடிச்சு நிறுத்தலாம்னு முன்னால ஓடுனேன்."

"இரும்பு வண்டிய ஏன்யா உள்ள கொண்டாந்த? அலுமினிய வண்டி எங்க?"

"அதுக்குப் பொட்டு வெச்சிருக்கே மேடம். பத்தரைக்கு முன்ன தொடக் கூடாதுன்னாங்கல்ல. அதான் கேன்டீன்ல இருந்து எடுத்தாந்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "எல்லாத்தையும் நிறுத்தியாச்சுன்னுதான மேடம் நேத்து சொன்னாங்க?"



பத்தடி தள்ளித் தூணில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சுருள் சூடேறும், காந்தம் செத்துவிடும், தள்ளுவண்டி தானாகக் கீழே விழும். எல்லாம் அரை நிமிஷத்துக்குள். கூடவே உள்ளேயிருக்கிற ஹீலியம் முழுவதும் கொதித்துக் கூரைக் குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடும். ஹீலியம் போனால் போனதுதான், இந்தப் பூமியால் பிடித்து வைத்துக்கொள்ள முடியாத சரக்கு அது. உலகத்தின் கிணறுகளெல்லாம் வற்றி, நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்துக் கொடுக்கிற காலம். அடுத்த பங்கு வரப் பதினான்கு மாதம். அதுவரை அந்த ரயில் வெறும் தகரம்.

அரசி தூணை நோக்கித் திரும்பினாள்.

"மேடம், அமுத்தப் போறீங்களா?"

"பின்ன? அமுத்தாம?"

"வேணாம் மேடம்." இப்போது அவன் குரலில் சிரிப்பில்லை. "மதுரப் பக்கத்துப் பணிமனையில போன வருசம் அமுத்துனாங்கல்ல. ஒருத்தன் சுத்தியல உள்ள கொண்டாந்துட்டான்னு அந்தக் கேங்கு மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்கூருக்காரங்க முப்பத்தாறு பேரு இருக்கோம் இங்க. என்னால எல்லாருக்கும் வேல போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள போவேன்? எனக்கு ஒண்ணுமில்ல மேடம். இறுக்கிப் புடிச்சாப்ல இருக்கு, அம்புட்டுதான். நம்ம ஆளுங்களக் கூப்புடுங்க. கயித்தக் கட்டி இழுத்தா வந்துரும்."

அவன் வேண்டாம் என்று சொன்னதும் அரசியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. அது என்னவென்று அப்போது அவள் நின்று பார்க்கவில்லை.

தூணிலிருந்த இன்டர்காமை எடுத்து ஞானசிகாமணியை அழைத்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள் என்றாள். நடந்ததைச் சொன்னாள். அவன் அழுத்த வேண்டாம் என்கிறான், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். மறுமுனையில் நாதஸ்வரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே அவர் சொன்னார்: "பாத்துச் செய்யுங்க மேடம்."

பாத்துச் செய்யுங்க. நம் அலுவலகங்களில் இதைவிடப் பாதுகாப்பான உத்தரவு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நல்லபடியாக முடிந்தால் சொன்னவருடைய யோசனை, கெட்டுப்போனால் கேட்டவருடைய பொறுப்பு.

அவள் வெளியே ஓடிக் கத்தினாள். எட்டுப் பேர் வந்தார்கள். தேங்காய் நார்க் கயிற்றை வண்டிச் சட்டத்தில் கட்டி இழுத்தார்கள். வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மூங்கில் கழியைக் கொடுத்து நெம்பினார்கள், கழி முறிந்தது. இன்னொரு கயிறு கொண்டுவர ஓடினார்கள். கொளஞ்சி அதற்குள் பேச்சை நிறுத்தியிருந்தான். அரசி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டை நனைந்திருந்தது, வெறும் வியர்வைதான். உதடு மட்டும் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

"கொளஞ்சி. என்னப் பாரு."

அவன் பார்த்தான். அந்தப் பார்வை அவள்மேல் நிற்கவில்லை.

அவள் போய்க் கண்ணாடியை முழங்கையால் உடைத்துப் பொத்தானை அழுத்தினாள். ஆயிரம் குக்கர்கள் ஒன்றாக விசிலடித்தமாதிரி ஒரு சத்தம் கூரையைப் பிளந்தது. தள்ளுவண்டி பொத்தென்று தரையில் விழுந்தது. கொளஞ்சி அதன்மேல் சரிந்தான். வெளியே நின்றவர்கள் கூரைக்கு மேலே வெள்ளையாக ஒரு மேகம் எழுந்து வெயிலில் கரைந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்போது மணி ஒன்பது முப்பத்தொன்று. ஆறு வருஷம் ஓடிய மின்சாரம் அன்றுதான் நின்றது. அதைப் பற்றி அவளுக்கு எந்த நினைப்பும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே கொளஞ்சி இறந்துபோனான். இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை. முதல் ஐந்து நிமிஷத்துக்குள் எடுத்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், அவருக்கு யார்மேலும் கோபமில்லை.

அதன்பின் அரசி எந்த வேலையைச் செய்தாலும் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கப் பதினோரு நிமிஷம் ஆகிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கப் பதினோரு நிமிஷம். எவ்வளவு நீளமான நேரம் அது! அதற்குள் ஒரு மனுஷன் எத்தனை காரியம் செய்துவிடலாம்!

மூன்றாம் நாள் ஞானசிகாமணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்து, கதவைச் சாத்தினார்.

"நாளன்னிக்கு விசாரணை. இக்னேஷியஸ்னு ஒருத்தர் சென்னையில இருந்து வர்றாரு. ஏன் பதினோரு நிமிஷம்னுதான் மொதல்ல கேப்பாரு."

"தெரியும் சார்."

"நீங்க எதுக்குக் கலங்குறீங்க? அவனே வேணாம்னு சொல்லிருக்கான். போன்ல எங்கிட்டச் சொன்னீங்களே! அத அப்படியே எழுதுங்க. பொய்யா சொல்றோம்? இரும்பு வண்டிய உள்ள கொண்டாந்ததும் அவன். காப்பாத்தப் போனா வேணாம்னதும் அவன். நாம என்ன செய்ய முடியும்?"

"அப்படி எழுதுனா அந்த முப்பத்தாறு பேரு?"

அவர் டீயை உறிஞ்சினார். "ரூல்ஸ் இருக்கே மேடம். தப்பு தொழிலாளி பக்கம்னா அந்தக் கேங்க எடுத்துருவாங்க. அது நம்ம கையில இல்ல. உங்களுக்கு இன்னும் ஏழு வருஷ சர்வீஸ் இருக்கு. யோசிச்சுப் பாருங்க." பிறகு வழக்கம்போல முடித்தார்: "பாத்துச் செய்யுங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அரசியின் கழுத்தைப் பிடித்தது. உண்மையைச் சொன்னால் கொளஞ்சி எதற்காக உயிரை விட்டானோ அது போய்விடும். முப்பத்தாறு குடும்பம் அவன் பெயரைச் சொல்லிச் சபிக்கும். சொல்லாமல் இருந்தால் அவள் தலை உருளும். இரண்டு நாளாக அவள் இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விசாரணை அன்று காலை புடவை கட்டும்போதுகூட என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

விசாரணை பணிமனையின் பயிற்சி அறையில் நடந்தது. இக்னேஷியஸ் ஒல்லியான மனிதர், சட்டம் படித்தவர், காந்தம் படித்தவரல்ல. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற அபூர்வமான அதிகாரி. ஞானசிகாமணி அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சில் கொளஞ்சியின் மனைவி செந்தாமரை, கூட அவர்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். வாக்குமூலத்தை இறந்தவருடைய குடும்பத்தார் முன்னால் வாசிக்க வேண்டும் என்பது சட்டம்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல மேடம்," என்றார் இக்னேஷியஸ். "அன்னிக்கு எல்லா மெஷினையும் நிறுத்தினீங்க. காந்தத்த மட்டும் ஏன் நிறுத்தல?"

"அது நிறுத்துற மாதிரி இல்ல சார். சாதாரணக் கம்பியில மின்சாரம் போனா கம்பி அதத் தடுக்கும், சூடாகும், மின்சாரம் தேஞ்சுரும். அதனால பின்னாலருந்து ஊத்திக்கிட்டே இருக்கணும். இந்தக் கம்பிய ஹீலியத்துல போட்டுக் கடுங்குளிர்ல வெச்சா அந்தத் தடை சுத்தமாப் போயிரும். ஒருவாட்டி மின்சாரத்த விட்டுட்டு வயரக் கழட்டிட்டா, அது சுத்திக்கிட்டே இருக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"குளிர் இருக்கிற வரைக்கும் சார். நாம செத்தப்புறமும் சுத்தும்."

"அப்ப ஸ்விட்சே கிடையாதா?"

"பொறுமையா இறக்குறதுக்கு வழி இருக்கு. அதுக்கு ஒரு முழு நாள் ஆகும், மறுபடி ஏத்த இன்னொரு நாள். அவசரத்துக்கு அந்தச் சிவப்புப் பொத்தான்தான். ஹீலியம் பூராவும் போயிரும்."

"இது அந்தத் தொழிலாளிக்குத் தெரியுமா?"

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சுன்னு பூஜையில சொன்னாங்க. அவரு அத நம்புனாரு."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்," என்றார் ஞானசிகாமணி.

இக்னேஷியஸ் எழுதிக்கொண்டார். "அது தப்புன்னு நீங்க யாராச்சும் திருத்துனீங்களா?"

"நான் திருத்திருக்கணும். பக்கத்துலதான் நின்னேன். திருத்தல. மோப்பக் கதவ அணைக்கக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"சரி. ஒன்பது இருபதுக்கு வண்டி ஒட்டியிருக்கு. ஒன்பது முப்பத்தொண்ணுக்குப் பொத்தான் அமுங்கியிருக்கு. நடுவுல பதினோரு நிமிஷம். உயிருக்கு ஆபத்துன்னா யாரையும் கேக்காம அமுத்தலாம்னு விதி சொல்லுது. ஏன் அமுத்தல? அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார்.

அரசி கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. "சொன்னாரு சார். அமுத்துங்க மேடம்னு சொன்னாரு. நான்தான் அமுத்தல."

"ஏன்?"

இதற்கும் ஒரு பொய்யை யோசித்து வைத்திருக்க வேண்டும். அவள் வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "காந்தத்தக் காப்பாத்தப் பாத்தேன். ஆறு வருஷமா நிக்காம ஓடுனது அது. நான் ஏத்திவிட்டது. கயிறு கட்டி இழுத்தாப் போதும், காந்தமும் பொழைக்கும், ஆளும் பொழைப்பாருன்னு நெனச்சேன். எனக்கு அத அணைக்க மனசு வரல."

சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவன் வேண்டாம் என்றபோது நெஞ்சுக்குள் இளகியது என்னவென்று இப்போது தெரிந்தது. அது நிம்மதி. அவனாகவே சொல்லிவிட்டானே என்கிற நிம்மதி. அவன் அவ்வளவு சொல்லியிருக்காவிட்டாலும் அவள் தயங்கியிருப்பாள், வேறு ஒரு சாக்கு தேடியிருப்பாள். கொளஞ்சிக்காகப் பொய் சொல்ல வந்தவள், தன்னைப் பற்றி முதல்தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவள் முகம் குப்பென்று சூடாகியது. தண்ணீர் வேண்டுமா என்று இக்னேஷியஸ் கேட்டார். வேண்டாம் என்றாள்.

"போன்ல எங்கிட்ட வேற மாதிரி..." என்று ஆரம்பித்தார் ஞானசிகாமணி.

இக்னேஷியஸ் அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா? போன்ல என்ன சொன்னாங்க? நீங்க அதுக்கு என்ன உத்தரவு குடுத்தீங்க சார்?"

ஞானசிகாமணி ஒரு கணம் யோசித்தார். தான் கொடுத்த உத்தரவு எழுத்தில் ஏறினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். "ஆம்புலன்ஸ் கேட்டாங்க. அனுப்புனேன். அம்புட்டுதான்," என்றார்.

வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. "அழுத்துமாறு தொழிலாளி கேட்டுக்கொண்டார்" என்ற வரி வந்தபோது பெஞ்சிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். செந்தாமரை அசையவில்லை. அரசி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். தவறு பணிமனை அதிகாரிகளின் பக்கம் என்றும், ஒப்பந்தத் தொழிலாளர்கள்மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்றும் தன் அறிக்கையில் எழுதப்போவதாக இக்னேஷியஸ் சொன்னார். அரசி அன்றைக்கே பணியிடைநீக்கம் செய்யப்பட்டாள். வழக்கும் வரலாம் என்றார்கள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. பணிமனைக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் செந்தாமரை சாலையைக் கடந்து வந்தாள். ஊர்க்காரர்கள் இருவரையும் அந்தப் பக்கமே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது. இவள் அடிக்கப்போகிறாள் என்று அரசி நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். ஒருவிதத்தில் அதை எதிர்பார்த்துத்தான் அங்கே நின்றாள் என்றுகூடச் சொல்லலாம்.

செந்தாமரை நிறுத்தத்தின் நிழலுக்குள் வந்து நின்றாள்.

"அவரு அப்புடிக் கேட்டிருக்க மாட்டாரும்மா," என்றாள்.

அரசி அவளைப் பார்த்தாள்.

"பதினாறு வருசம் குடும்பம் நடத்துனேன். யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு. சோத்துக்கு உப்பு இல்லன்னாக்கூட எங்கிட்டக் கேக்க மாட்டாரு, எந்திரிச்சுப் போயி எடுத்துக்குவாரு. அவரா கேட்டாரு, அமுத்துங்கன்னு?"

"கேட்டாரும்மா," என்றாள் அரசி.

"வேணாம்னுதான் சொல்லிருப்பாரு. ஆளுங்களுக்கு வேல போயிரும்னு சொல்லிருப்பாரு. எனக்குத் தெரியாதா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னத மாத்திராதீங்க. எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். எம்பொண்ணு எட்டாவது படிக்குது. நாலு நாளா கேட்டுக்கிட்டே இருக்கு, அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு. ஊட்டுக்கு வரணும்னுதான் கேட்டாரு, அந்தம்மாதான் வுடலன்னு சொல்லிக்கிறேன். அவங்கப்பா ஊருக்காக எங்களை வுட்டுட்டுப் போனாருன்னு அது நெனைக்க வேணாம்."

அரசி தலையாட்டினாள். கண்ணீர் வந்தது. செந்தாமரையின் கையைப் பிடிக்கப் போனாள்.

செந்தாமரை கையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. சூடான பாத்திரத்திலிருந்து இழுத்துக்கொள்வதுபோல.

"அதுக்காக நான் உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள். "அவரு படிக்காதவரு. காந்தத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும். அவரு வேணாம்னு சொன்னாலும் நீங்க அமுத்திருக்கணும்."

பெரம்பலூர் டவுனுக்குப் போகிற பேருந்து வந்து நின்றது. செந்தாமரை எதிர்ப்பக்கம் கைகாட்டி ஊர்க்காரர்களை அழைத்தாள், மூவரும் ஏறிக்கொண்டார்கள். உள்ளே இடம் இருந்தது. கண்டக்டர் அரசியைப் பார்த்து, "ஏறுங்கம்மா, நேரமாச்சு," என்றார். தான் வரவில்லை என்று அரசி கையை அசைத்தாள்.